வரி ரசீது இல்லாதவர்கள் கட்டும் வரி: வாசகர் கேள்வி–பதில்

சென்னை மாநகராட்சியின் வரிகளும் செலவுகளும் குறைந்த வருமானத்தில் வாழ்பவர்களை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: 450 சதுர அடி வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். மாநகராட்சி வீட்டு வரியை ஏற்றிவிட்டது என்று சொல்லி, உரிமையாளர் மாத வாடகையில் 500 ரூபாய் கூட்டிவிட்டார். ரசீது அவர் பெயரில் இருக்கிறது, சுமை எங்கள் தலையில் இருக்கிறது. உண்மையில் வரி எவ்வளவு கூடியிருக்கும்?
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: நியாயத்துக்குப் போகும் முன் கணக்கைப் பார்த்துவிடுவோம், சகோதரி. கையில் கணக்கு இருந்தால் உரிமையாளரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சொத்து வரிச் சீராய்வின்படி, சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதிகளில் (2011இல் எல்லை விரியும் முன்பே இருந்தவை) 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதமும், 601 முதல் 1,200 சதுர அடி வரை 75 சதவீதமும், 1,201 முதல் 1,800 வரை 100 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமும் வரி கூடியது. வியாசர்பாடி பழைய பகுதியில் சேர்ந்தது. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு முன்பு அரையாண்டுக்கு 600 ரூபாய் வரி இருந்தது என்று வைத்துக்கொண்டால், சீராய்வுக்குப் பின் அது 900 ரூபாய் ஆகியிருக்கும். 2024 அக்டோபரில் தொடங்கிய அரையாண்டிலிருந்து இன்னும் 6 சதவீதம் சேர்ந்து 954 ரூபாய். ஆறு மாதத்துக்குக் கூடியது 354 ரூபாய், மாதத்துக்கு 59 ரூபாய். குடிநீர், கழிவுநீர் வரியும் சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் என்ற கணக்கில் விதிக்கப்படுவதால் அதுவும் கொஞ்சம் ஏறியிருக்கலாம். ஆனாலும் இவ்வளவு சிறிய வீட்டுக்கு அது மாதத்துக்குப் பத்து இருபது ரூபாய்க்கு மேல் போகாது. ஆக, 500 ரூபாயில் ஏறத்தாழ 75 ரூபாய்தான் வரி. மீதி 425 ரூபாய், வரியின் பெயரைச் சொல்லி ஏற்றிய வாடகை.

ஆனால் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீடு தனி வீடா, அல்லது பெரிய வீடொன்றின் ஒரு போர்ஷனா? வடசென்னையில் 2,000 சதுர அடிக் கட்டடத்தை ஆறாகத் தடுத்து, ஆறு குடும்பங்களுக்கு ஒண்டுக் குடித்தனமாக விடுவது சாதாரணம். கட்டடம் முழுவதும் ஒரே மதிப்பீட்டு எண்ணில் (வரிப் பதிவேட்டில் சொத்துக்குத் தரும் எண்) இருந்தால் பரப்பும் மொத்தமாகவே கணக்காகும். உள்ளே ஒவ்வொரு குடும்பமும் முந்நூறு சதுர அடியில் சமைத்து, உறங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்க, வரிப் பதிவேட்டில் அந்த வீடு பங்களாக்களுக்கு உரிய 150 சதவீதப் படியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட வீட்டுக்கு முன்பு அரையாண்டு வரி 3,000 ரூபாய் என்றால் இப்போது 7,950 ரூபாய். கூடியதை ஆறு குடும்பங்களுக்குப் பகிர்ந்தால் குடும்பத்துக்கு மாதம் ஏறத்தாழ 138 ரூபாய். அப்போதும் 500 ரூபாய் என்ற கணக்கு வராது. ஆனால் சிறிய வீடுகளுக்குச் சலுகை என்று அரசு அறிவித்த சலுகை, மிகச் சிறிய இடத்தில் வாழ்பவருக்கே போய்ச் சேராமல் போகும் வழி இதுதான்.

குடியிருப்போரின் நிலை அரசின் கண்ணில் படவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் நடந்த சீராய்வில், வாடகைக்கு விடப்பட்ட வீடுகளுக்கு 100 சதவீதம் வரை உயர்வு என்று முதலில் ஆணை வந்தது. அது குடியிருப்போர் தலையில்தான் விடியும் என்ற எதிர்ப்புக்குப் பிறகு, சொந்தக் குடியிருப்புக்கு நிகராக 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்தச் சீராய்வே 2019 நவம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. வரி நின்றபோது, அதைச் சொல்லி ஏற்றிய வாடகையை எத்தனை பேர் குறைத்தார்கள் என்று கேட்டால், குறைத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சட்டத்தில் உங்களுக்கு இடம் உண்டா என்றால், காகிதத்தில் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தத்தில் சொல்லியபடிதான் வாடகையை உயர்த்த வேண்டும், அதையும் மூன்று மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பத்து மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்து, வாய்ச்சொல்லில் குடிவந்த குடும்பத்துக்கு இதில் எந்தப் பிரிவு துணைக்கு வரும் என்பது வேறு கேள்வி. உங்களால் முடிந்த ஒன்று, வரி ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்பது. மதிப்பீட்டு எண் கிடைத்தால் மாநகராட்சியின் இணையதளத்தில் நீங்களே தொகையைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வணிக வளாகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். மாதம் 9,800 ரூபாய் சம்பளம். தொழில் வரி என்று பிடிக்கும் தொகை திடீரென்று கூடியது. கணக்கரிடம் கேட்டேன். மாதம் 40,000 வாங்கும் மேலாளருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லையாம். எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?
(வாசகர், அம்பத்தூர்)

பதில்: கணக்கர் சொன்னது சரி. தனிச் சட்டம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டம் உங்கள் மீது மட்டும் இப்படி விழுகிறது.

தொழில் வரி அரையாண்டு வருமானத்தை வைத்துப் படிப்படியாக விதிக்கப்படுவது. சென்னையில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி கிடையாது. 2024 ஜூலையில் மாமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தின்படி, 21,001 முதல் 30,000 வரை வருமானம் உள்ளவர்களுக்கு 135 ரூபாயாக இருந்தது 180 ஆனது. அடுத்த படியும் உயர்ந்தது. 45,001 முதல் 60,000 வரை உள்ளவர்களுக்கு 690 ரூபாயாக இருந்தது 930 ஆனது. உங்கள் அரையாண்டு வருமானம் 58,800 ரூபாய் என்பதால் நீங்கள் இந்தப் படியில் நிற்கிறீர்கள். அதற்கு மேலே 60,001 முதல் 75,000 வரை 1,025 ரூபாய், 75,000க்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் 1,250 ரூபாய். இந்த இரண்டு படிகளும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அரசியலமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவு, ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது. முதலில் 250 ரூபாயாக இருந்த அந்த உச்சவரம்பு, 1988இல் வந்த 60ஆவது திருத்தத்தில் 2,500 ஆனது. அதன் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 1988இல் 2,500 ரூபாய் என்பது உயர் அதிகாரிகளுக்கு எட்டும் தொகை. இன்று மாதம் 12,501 ரூபாய் வாங்குபவரே அந்தக் கூரையை முட்டிவிடுகிறார். மாநகராட்சிக்கு வருமானம் வேண்டும், மேல் படிகளுக்குக் கூரை இடிக்கிறது, எனவே ஏற்றுவதற்கு இடம் இருப்பது கீழ்ப் படிகளில்தான். அங்கே ஏற்றினார்கள்.

சதவீதத்தில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நீங்கள் உங்கள் வருமானத்தில் ஏறத்தாழ 1.6 சதவீதம் கட்டுகிறீர்கள். உங்கள் மேலாளர் அரை சதவீதம் கட்டுகிறார். அந்த வளாகத்தின் மேல் மாடியில் மாதம் ஒரு லட்சம் வாங்குபவர் கட்டுவது 0.2 சதவீதம். படிக்கட்டு என்று பெயர் இருந்தாலும், ஏற ஏற இலேசாகும் படிக்கட்டு இது. இதை மாநகராட்சி மாமன்றத்தில் திருத்த முடியாது, நாடாளுமன்றத்தில்தான் திருத்த வேண்டும். ஆனால் 2024இல் கீழ்ப் படிகளை ஏற்றாமல் விட்டிருக்க மாமன்றத்தால் முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். குறைந்தபட்சம், வரிவிலக்கின் எல்லையான 21,000 ரூபாயை மேலே நகர்த்துவது பற்றியாவது பேசியிருக்கலாம். அரையாண்டுக்கு 21,000 என்றால் மாதத்துக்கு 3,500. அந்த வருமானத்தில் இந்த நகரத்தில் யார் வாழ முடியும் என்று தெரியவில்லை.

கேள்வி: எனக்கு அப்பா விட்டுப்போன 550 சதுர அடி வீடு இருக்கிறது. ஓய்வூதியம் இல்லை. மும்பையில் சிறிய வீடுகளுக்கு வரியே கிடையாதாமே, இங்கே ஏன் கூடாது? ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றுவது எங்களைப் போன்றவர்களை வீட்டை விற்க வைக்காதா?
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: திருவொற்றியூர் 2011இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதி என்பதால், 2022இல் உங்கள் வீட்டுக்கு உயர்வு 25 சதவீதம்தான். பழைய நகரத்தில் அதே அளவு வீட்டுக்கு 50 சதவீதம்.

மும்பை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அங்கே 500 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 2022 ஜனவரி முதல் சொத்து வரி முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. ஐதராபாத்தில் ஆண்டு வரி 1,200 ரூபாய்க்கு உட்பட்ட வீடுகளுக்கு 101 ரூபாய் மட்டும் கட்டினால் போதும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே ஆக்கினார்கள். இந்த 101 எனக்குப் பிடித்த ஏற்பாடு. மொய் எழுதுவது போல ஒரு தொகை. ஆனால் அந்த வீட்டின் பெயர் பதிவேட்டில் இருக்கும், கையில் ரசீது இருக்கும், மின் இணைப்புக்கோ வங்கிக் கடனுக்கோ போனால் அந்த ரசீது பேசும். முழுத் தள்ளுபடியில் இந்தச் சான்று மங்கிவிடக்கூடும் என்ற தயக்கம் எனக்கு உண்டு. இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2022இல் தமிழக அரசு தன் உயர்வை நியாயப்படுத்தும்போது, 600 சதுர அடி வீட்டுக்குச் சென்னையில் 810 ரூபாயாக இருந்த வரி 1,215 ரூபாய் ஆகிறது, மும்பையிலோ அது 2,157 ரூபாய் என்று ஒப்பிட்டது. 600க்குப் பதில் 500 சதுர அடியை எடுத்திருந்தால் மும்பைக்கு எதிரே சுழி என்று எழுத வேண்டியிருந்திருக்கும்.

சென்னையில் முழுத் தள்ளுபடி ஏன் கடினம் என்றால், சிறிய வீடுகள் இங்கே விதிவிலக்கு அல்ல. மாநிலத்தின் நகர்ப்புற வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை 600 சதுர அடிக்கு உட்பட்டவை என்பது அரசே அப்போது சொன்ன கணக்கு. அதோடு, 15ஆவது நிதி ஆணையம் நகரங்களுக்கான மானியத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தது: சொத்து வரிக்கு மாநில அரசு அடிமட்ட வீதத்தை அறிவிக்க வேண்டும், வசூல் மாநில உற்பத்தியின் வளர்ச்சியோடு சேர்ந்து வளர வேண்டும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற ஏற்பாட்டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த 6 சதவீதத்தைப் பற்றி உங்களோடு நான் முழுவதும் ஒத்துப்போகவில்லை, ஐயா. ஆண்டுதோறும் 6 சதவீதம் கூடினால் பன்னிரண்டு ஆண்டுகளில் வரி இரட்டிப்பாகும் என்பது உண்மை. வருமானம் அப்படிக் கூடாதவருக்கு அது சுமைதான். ஆனால் இதற்கு மாற்றாக நாம் பார்த்தது என்ன? சென்னையில் 1998இல் நடந்த பொதுச் சீராய்வுக்குப் பிறகு, 2018இல் வந்து நின்றுபோன முயற்சியை விட்டுவிட்டால், 2022 வரை வரி அப்படியே உறைந்து கிடந்தது. அந்த 24 ஆண்டுகளில் உறைந்த வரியால் உங்கள் 550 சதுர அடி வீட்டுக்கு மிச்சமானது சில நூறு ரூபாய். அடையாற்றங்கரையில் நான்கு கிரவுண்டில் நிற்கும் பங்களாவுக்கு மிச்சமானதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். வரியை ஏற்றாமல் விடுவது ஏழைக்குச் செய்யும் உதவி போலத் தோன்றும். அதன் பெரும்பங்கு நிறைய நிலம் வைத்திருப்பவருக்கே போகிறது. பணம் இல்லாத மாநகராட்சி முதலில் கைவைப்பதோ பள்ளிக்கூடத்தின் மேற்கூரையிலும் பொதுக் கழிப்பறையின் தண்ணீரிலும்தான்.

நான் குறை சொல்வது வேறு இடத்தில். சதுர அடி என்பது வருமானத்தின் அளவுகோல் அல்ல. பெசன்ட் நகரில் ஒருவர் தனியாக வசிக்கும் 590 சதுர அடி அடுக்குமாடி வீடு 50 சதவீதப் படியில் நிற்கிறது; கொருக்குப்பேட்டையில் எட்டுப் பேர் வசிக்கும் 620 சதுர அடி ஓட்டு வீடு 75 சதவீதப் படியில் நிற்கிறது. அடிப்படை வீதம் தெருவுக்குத் தெரு மாறுவதால் பெசன்ட் நகர்க்காரர் மொத்தத்தில் அதிகம் கட்டலாம். ஆனால் உயர்வு என்ற அடி யார் மீது வேகமாக விழுந்தது என்றால் அந்த ஓட்டு வீட்டின் மீதுதான்.

தள்ளுபடியையும் பாருங்கள். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். பிந்தினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஏப்ரலில் கையில் மொத்தமாகப் பணம் வைத்திருப்பவருக்குச் சலுகை. வாரக் கூலியில் வாழ்பவருக்கு வட்டி. மாதத் தவணையாகக் கட்ட வசதி செய்து, தவறாமல் கட்டுபவருக்கும் அதே 5 சதவீதத்தைக் கொடுத்தால் மாநகராட்சிக்கு இழப்பு பெரிதாக இராது.

கேள்வி: குப்பை எடுக்கத் தனிக் கட்டணம் வரப்போகிறது என்கிறார்களே?
(வாசகி, பெரம்பூர்)

பதில்: சென்னையில் 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு மாதம் 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை வசூலிப்பதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே பயனாளர் கட்டணத்தை எதிர்பார்த்தன என்பதால் இந்தப் பேச்சு மறுபடியும் வரும். பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள்: 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 4,000 சதுர அடிக்கு மேல் 400 ரூபாய். கட்டணம் வந்தே தீரும் என்றால் இப்படி நாற்பது மடங்கு ஏற்ற இறக்கத்தோடு வருவது பரவாயில்லை. வீட்டுக்கு வீடு ஒரே தொகை என்று வந்தால் எதிர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: அம்மா உணவகங்கள் மாநகராட்சிக்கு நஷ்டம் என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறது. நாங்கள் கட்டும் வரியில் இதை நடத்துவதைவிட, மூடிவிட்டு அந்தப் பணத்தில் சாலை போடலாமே?
(வாசகர், அண்ணா நகர்)

பதில்: வடசென்னையில் ஓர் உணவகத்துக்குக் காலை ஏழு மணிக்கு நான் போயிருக்கிறேன். நகக்கண்களில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்த ஒருவர் ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டி டோக்கன் வாங்கினார். சாம்பார் ஊற்றிய தட்டில் ஐந்து இட்லி. உயரமான மேசை அருகே நின்றபடியே தின்று முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனார். ஏழு நிமிடம் ஆகியிருக்கும். பரிமாறிய பெண்கள் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர்கள்; அவர்களுக்கும் அதுதான் பிழைப்பு.

2013இல் தொடங்கியபோது வைத்த விலை இன்றும் மாறவில்லை: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அந்தப் பெயின்டர் காலையும் மதியமும் அங்கே சாப்பிட்டால் 13 ரூபாய். வெளியே இட்லி பத்து ரூபாய் என்றும் மதியச் சாப்பாடு எழுபது ரூபாய் என்றும் வைத்தால் 120 ரூபாய். மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் மிச்சம் 2,675 ரூபாய். இதை மேலே இருக்கும் இரண்டு கடிதங்களோடு சேர்த்துப் பாருங்கள். வியாசர்பாடிச் சகோதரிக்கு வரியால் கூடிய சுமை மாதம் ஏறத்தாழ 75 ரூபாய். அம்பத்தூர் நண்பருக்கு 40 ரூபாய். வரி ஏறினால் நாம் எல்லோரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் குறைந்த வருமானக் குடும்பத்தின் மாதக் கணக்கை உண்மையில் புரட்டிப்போடுவது மாநகராட்சியின் வரவுப் பக்கம் அல்ல, செலவுப் பக்கம். உணவகம் மூடப்பட்டால், மாநகராட்சிப் பள்ளி இன்னொன்றோடு இணைக்கப்பட்டுத் தூரம் போனால், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லாமல் போனால், அதற்கு யாரும் கேட்பு அறிவிப்பு அனுப்புவதில்லை, மேல்முறையீடும் கிடையாது.

"நஷ்டம்" என்ற சொல்லிலேயே எனக்கு உடன்பாடில்லை. மேம்பாலத்துக்கும் பூங்காவுக்கும் யாரும் நஷ்டக் கணக்கு போடுவதில்லை. ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி நியாயமானது: மாநிலம் தொடங்கிய நலத்திட்டத்தின் அன்றாடச் செலவை மாநகராட்சி ஏன் சொந்த வருமானத்தில் சுமக்க வேண்டும்? 2024 ஜூலையில் இந்த உணவகங்களைப் புதுப்பிக்க 21 கோடி ரூபாய் ஒதுக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. பாத்திரமும் இயந்திரமும் ஒரு முறை வாங்குபவை, அரிசியும் பருப்பும் தினமும் வேண்டும். அந்தப் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இல்லாத வரை, உங்கள் சாலையும் பெயின்டரின் இட்லியும் ஒரே பைக்குள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கேள்வி: துப்புரவைத் தனியாரிடம் கொடுத்தால் மாநகராட்சிக்குச் செலவு குறையும், அதனால் வரியும் குறையும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா?
(வாசகர், கொளத்தூர்)

பதில்: சென்னையில் இது புதிய சோதனை அல்ல. 2000ஆம் ஆண்டிலேயே சில மண்டலங்களில் குப்பை அகற்றும் பணி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கையில் போனது. அன்று முதல் இன்று வரை, தனியார்மயத்தால் மிச்சமானது என்று சொல்லிச் சொத்து வரி குறைந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை.

செலவு எங்கே குறையும் என்று பாருங்கள். குப்பை வண்டியின் டீசல் தனியாருக்கு மலிவாகக் கிடைக்காது. குறைக்க முடிந்தது கூலியும் ஆள் எண்ணிக்கையும்தான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலுமாக 13 நாட்கள் உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்தோம்; ஒப்பந்த நிறுவனத்துக்கு மாறினால் வாங்கும் கூலி குறையும், நிரந்தரமாகும் வாய்ப்பு போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்டு 13 நள்ளிரவில் அவர்கள் அங்கிருந்து அப்புறப்படுத்தப்பட்டார்கள். அந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், இதே நகரத்தின் குடிசைப் பகுதிகளிலும் வாரியக் குடியிருப்புகளிலும் வசிப்பவர்கள். அவர்களின் கூலியில் வெட்டிய தொகையை வரவு-செலவுத் திட்டத்தில் சிக்கனம் என்று எழுதலாம். அந்தக் குடும்பத்துக்கு அது வரிதான், அதுவும் எந்தப் படியிலும் அடங்காத வரி.

கேள்வி: கூவம் கரையிலிருந்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். விளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்குப் போன் செய்தால் எங்கள் எல்லை இல்லை என்கிறார்கள். நாங்கள் எந்த பட்ஜெட்டில் இருக்கிறோம்?
(வாசகி, பெரும்பாக்கம்)

பதில்: உங்கள் கேள்வியைவிடச் சுருக்கமாக இதைச் சொல்ல முடியாது, அம்மா. உங்களைப் போல மாற்றப்பட்டவர்கள் வாழும் இன்னொரு குடியிருப்பான கண்ணகி நகர் மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிறது. பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வாரிய வீடுகள் எழுந்தபோது அது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராம ஊராட்சி. நகரத்தின் நடுவே நீங்கள் விட்டுவந்த கரை நகரத்தின் சொத்தாக இருக்கிறது. உங்கள் தெருவிளக்கும் குப்பையும் ஊராட்சியின் சிறிய வருமானத்தையும் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பராமரிப்பையும் நம்பி இருக்கின்றன. கட்டடத்தின் உள்ளே இருப்பவற்றுக்கு வாரியத்தின் எஸ்டேட் அலுவலகத்திலும், வெளித் தெருவுக்கு ஊராட்சியிலும் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் தட்டிக்கழித்தால், இரண்டு ஒப்புகைகளையும் இணைத்து மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள்.

கேள்வி: மாநகராட்சி பட்ஜெட் தயாராகும்போது எங்களைப் போன்றவர்கள் ஏதாவது சொல்ல வழி இருக்கிறதா? மேயர் படித்து முடித்த பிறகுதான் தெரிகிறது.
(வாசகர், புளியந்தோப்பு)

பதில்: படித்து முடித்த பிறகு தெரிவது, 2016 அக்டோபருக்குப் பிந்தைய ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை நினைத்தால் முன்னேற்றம்தான். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை; அதிகாரிகளே வரவு செலவை முடிவு செய்தார்கள். 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது; ஏப்ரல் 1இல் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது; அதே மாதம் புதிய மாமன்றத்தின் முதல் பட்ஜெட் வந்தது. இந்த வரிசையைக் கவனித்தீர்களா?

இப்போது பட்ஜெட் பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. ஆகவே கேட்க வேண்டிய காலம் டிசம்பர், ஜனவரி. வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடும் பகுதி சபைக்கும் 2022இல் விதிகள் வந்திருக்கின்றன. உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். கூட்டத்துக்குப் போனால் "எங்கள் பகுதிக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்வது மிகவும் எளிது. பட்ஜெட் புத்தகத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே போன ஆண்டு ஒதுக்கிய மதிப்பீடும், பிறகு மாற்றிய திருத்திய மதிப்பீடும் இருக்கும். உங்கள் வட்டாரத்தில் பொதுக் கழிப்பறைக்கோ பள்ளிக்கோ ஒதுக்கியது எவ்வளவு, அதில் செலவானது எவ்வளவு என்று அந்த இரண்டு எண்களைக் கேளுங்கள். வாயால் பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான சான்று இருந்தால் அதுவும் இல்லை. 30 நாட்களில் பதில் தர வேண்டும். ஜனவரி முதல் வாரத்தில் போட்டால் மார்ச்சுக்கு முன் எண்கள் கையில் இருக்கும். பதில் வந்ததும் ஒரு நகலை எங்களுக்கும் அனுப்புங்கள், இந்தப் பகுதியில் போடுகிறோம்.